கணவன் பெயர் என்ற கட்டம்

2009 மே 6, புதன்

தூறல். மேற்குக் காற்று. சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். தேவையில்லை, போன கிழமையும் விட்டது.

வன்னிச் சண்டைச் செய்தி நாலு இணையத்தளத்தில் பார்த்தேன். நாலும் நாலு விதம். ஒன்றில் சனம் வெளியே வருகிறது. ஒன்றில் வர விடுகிறார்கள் இல்லை. ஒன்றில் வந்த சனத்தை முட்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள். நாலாவது பாட்டுப் போடுகிறது.

புவனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. என் ஒரே தங்கை. கடைசியாக அவளோடு கதைத்தது பரமேஸ், தை மாதம். இருந்த இடத்தை விட்டு இன்னும் உள்ளே போகிறோம் என்றாளாம். பரமேஸ் (இனி ப.) என் மனைவி. நாத்தனார் மீது என்னைவிடப் பட்சம். என்னோடு புவனம் கதைத்து இருபத்திரண்டு வருடம். கதைக்கவில்லை என்பது சரியல்ல. அவள் எடுத்தாள், நான் ரெலிபோனை வாங்கவில்லை.

காணாமற்போனவர்களைத் தேடும் நிறுவனத்துக்குப் படிவம் கொடுத்து இன்றோடு ஏழு கிழமை. நானே நிரப்பினேன், டெனிஸ் மொழியில், பெரிய எழுத்தில். பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், கடைசியாக இருந்த இடம், பிள்ளைகள் இரண்டு பெண். கணவன் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. புவனம் என் அப்பாவின் மகள். அவளைத் தேட அப்பாவின் பெயரே காணும்.

காரணம் இங்கே எழுதத் தேவையில்லை. அப்பா செத்தபிறகு வீட்டுக்கு நான் பொறுப்பு. இங்கே டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊரில், என்னோடு நெசவுத் தொழிற்சாலையில் நின்ற நல்ல பிள்ளை ஒருவருக்குச் சாதகம் பார்த்து எல்லாம் முற்றாக்கி வைத்தேன். அவள் கிளிநொச்சிச் சங்கக்கடை மனேஜரைக் கட்டினாள். எங்கட ஆக்கள் இல்லை. கலியாண எழுத்து முடிந்த பிறகுதான் எனக்குக் கடிதம். அன்றிலிருந்து அந்த ஆளின் பெயரை நான் சொன்னதும் இல்லை, எழுதினதும் இல்லை.

பின்னேரம்: நான் இணையத்தில் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கடைசி ஒப்படை வந்துவிட்டது. எட்டுப் பக்கம். ஞாயிறு 17ஆம் திகதி நள்ளிரவு, அமெரிக்க நேரம். எங்களுக்குத் திங்கள் காலை ஆறு மணி.

கேள்வியை அப்படியே எழுதி வைக்கிறேன்: "சண்டை நடக்கும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான பொதுமக்கள் வெளியேறுகிறார்கள். நீர் பொறுப்பதிகாரி. அவர்களைச் சோதித்து, பதிந்து, தங்கவைக்கும் முறை ஒன்றை வகுக்கவும்."

இரண்டு தரம் வாசித்தேன். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தும் கேள்வி மாறவில்லை.

மே 7, வியாழன்

வெயில். நாளை விடுமுறை என்று ஊர் முழுக்க அவசரம்.

ஒப்படைக்கு ஒரு வரியும் இல்லை. தலைப்பு மட்டும், அடிக்கோட்டோடு.

எனக்கு அறுபத்துநாலு வயது. பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு சரி. ஆங்கிலம் அகராதியை வைத்துப் படித்தது, சாயப் பகுதியில் இரவு வேலையின்போது, யந்திரம் ஓடும் இருபது நிமிடம் இருபது நிமிடமாக. வேலையால் நின்றபிறகு இந்தப் படிப்பில் சேர்ந்தேன். தாயகப் பாதுகாப்பும் குற்றவியல் நீதியும். இணையத்தில் இளமாணிப் பட்டம். மூன்றாம் வருடம்.

கோயிலில் ஒருவர் கேட்டார், சனம் கேட்க: "எந்தத் தாயகத்தின்ர பாதுகாப்பு, அண்ணை?" சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இப்போது அவரோடும் கதை இல்லை.

ஏன் படிக்கிறேன் என்று எவருக்கும் சொன்னது கிடையாது. எண்பத்துநாலில் ஆமிக்காரர் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். ஒரு தாளில் என் பெயர் இருந்ததாம். என் பெயரில் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர். அம்மாவை ஒரு பக்கம் போகச் சொன்னார்கள், என்னை மறுபக்கம். பதினொரு நாள் அடைத்து வைத்தார்கள். பிறகு போ என்றார்கள். பிடித்ததற்கும் தாள் இல்லை, விட்டதற்கும் தாள் இல்லை. பிடிக்கிறவனுக்கு என்ன சட்டம், எது வரைக்கும் அவன் போகலாம், எதை எழுதித் தர வேண்டும். இதை அறியாமல் சாகக்கூடாது என்று இருந்தேன். இப்போது அறிவேன். அறிந்து என்ன, என்று ப. கேட்பாள். அதனால் அவளுக்கும் சொல்லவில்லை.

வகுப்பில் பன்னிரண்டு பேர். இரண்டு பேர் ராணுவத்தில் இருந்தவர்கள். ஒருத்தி சிறைக் காவலாளி. வாத்தியார் முந்தி எல்லைக் காவலில் இருந்தவர், படத்தில் பெரிய மீசை. சாவடியின் மற்றப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். அதை அங்கே எழுதியதில்லை.

மே 8, வெள்ளி. பெரிய பிரார்த்தனை நாள்

கடைகள் பூட்டு. தெருவில் நாய்கூட இல்லை.

செல்வராசா கிரின்ஸ்டெட்டிலிருந்து காரில் வந்தான். பழைய தொழிற்சாலைக் கூட்டாளி. இப்போது பெந்தெகொஸ்தே சபை. இந்த விடுமுறைக்கு முதல் நாள் இங்கத்தைய ஆட்கள் சுட்டுத் தின்னும் கோதுமைப் பணிஸ் ஒரு பை கொண்டுவந்தான். பட்டர் பூசித் தின்றோம். ப. இரண்டை எடுத்துச் சாமியறையில் வைத்தாள். செல்வராசா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான். நல்ல மனிதன்.

இரண்டு குடும்பமும் வன்னியில் ஆள் வைத்திருக்கிறது. அவனுக்குப் பெரியம்மாவின் மக்கள். அவர்கள் வெளியே வந்துவிட்டார்களாம். முகாமில், உயிரோடு. அவன் படிவம் கொடுத்தது எங்களுக்கு மூன்று கிழமை பிந்தி.

"உங்களுக்கு இன்னும் பதில் இல்லையோ அண்ணை?"

இல்லை என்றேன். தமிழனின் படிவம் என்றால் எங்கே பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவனும் தமிழன்தான் என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

அவன் கண்ணை மூடி ஜெபம் சொன்னான், புவனத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் ப.விடம் கேட்டுக்கேட்டு. பிறகு கண்ணைத் திறந்து, பிள்ளைகளின் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டான். ப. என்னைப் பார்த்தாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ப. அவனுக்குக் காதோடு சொன்னாள். மிச்ச ஜெபத்தை மனசுக்குள் சொன்னான்.

போகும்போது: "சபையில கேக்கினம், உங்கட அண்ணை இந்த வயசில பொலிசுக்கோ படிக்கிறார் எண்டு."

ஓம் என்று சொல்லு என்றேன். முதலில் உங்களைத்தான் பிடிப்பேன் என்றும் சொல்லு.

மே 10, ஞாயிறு

குளிர் திரும்பியிருக்கிறது. தோட்டத்து உருளைக்கிழங்குக்குப் பழைய யன்னல்சீலை போட்டு மூடினேன்.

ஐந்து பக்கம் முடிந்தது. எனக்குச் செய்யாத எல்லாவற்றையும் அதிகாரி செய்யவேண்டும் என்று எழுதிக்கொண்டு போகிறேன்:

— பிடித்தால் தாள்.
— விட்டால் தாள்.
— பட்டியலில் உள்ள பெயர் ஒத்துப்போவது மட்டும் ஒருவரைப் பிடிக்கக் காரணம் ஆகாது.
— வெயிலில் நிற்க வைக்கக்கூடாது. தண்ணீர்.
— குடும்பத்தைப் பிரிக்கக்கூடாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு அட்டை, குடும்பத் தலைவர் பெயரில். எல்லோரும் அந்த அட்டைக்குள்.

கடைசி விதிதான் என்னுடையது. மற்றவை புத்தகங்களில் உண்டு. அப்படி ஒரு அட்டை இருந்திருந்தால் அன்று சாவடியில் அம்மா என்னை விட்டு அந்தப் பக்கம் போயிருக்கமாட்டா.

வரைவை இணைய வகுப்புப் பலகையில் போட்டேன். அரை மணியில் சிறைக் காவலாளிப் பெண் எழுதினாள், அட்டை யோசனை அருமை ஐயா, எங்கள் சிறையிலும் இப்படித்தான் வேண்டும் என்று. அவள் என்னை ஐயா என்கிறாள். இந்த வீட்டில் எவரும் சொல்வதில்லை.

மகள் சுதா கோல்டிங்கிலிருந்து எடுத்தாள். நான் தமிழில், அவள் டெனிசில், வழக்கம்போல. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, மாமி மாதிரி ஆட்களை அடைத்து வைத்திருக்கும் நேரம் பார்த்து மனிதரை அடைத்து வைக்கும் முறையையா எழுதுகிறீர்கள் என்றாள். அடைக்கும் முறை அல்ல, அடைக்கிறவனை அடக்கும் முறை என்றேன். டெனிசில் சொல்ல வரவில்லை. தமிழில் சொன்னதை அவள் விளங்கினாளோ தெரியாது.

மே 12, செவ்வாய்

கடிதம் வந்தது. தேடும் நிறுவனம். ஒரு பக்கம்.

தந்த விபரங்களுக்குப் பொருத்தமான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. மேலதிக விபரம் இருப்பின் அறியத் தரவும்.

பொருத்தம் இல்லையாம். சாதகம் பார்த்தவர்கள் போல.

ப. கடிதத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். டெனிஸ் எழுத்து அவளுக்கு ஓடாது. கேட்டாள்: "படிவத்தில எல்லாம் எழுதிக் குடுத்தனீங்கள்தானே?"

ஓம் என்றேன்.

பிறகு தோட்டத்துக்குப் போய்ப் புல்லு வெட்டினேன். நேற்றும் வெட்டியது. யந்திரம் வெறும் மண்ணைத்தான் கிளப்பியது. பக்கத்து வீட்டு டெனிஸ்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

செய்தி: ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்ததாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோரும் எழுதுகிறார்கள்.

மே 14, வியாழன்

வெயில், காற்று. நித்திரை இல்லை.

வாத்தியாரின் குறிப்பு. முதல் நாலு விதிக்கும் புகழ்ச்சி. அட்டைக்குக் கீழே சிவப்பில்:

"ஒரு ஓட்டை. அட்டை குடும்பத் தலைவர் பெயரில். வெளியே இருந்து உறவினர் ஒருவர் ஒரு பெண்ணைத் தேடுகிறார். அவர் கொடுப்பது அவளுடைய தகப்பன் பெயரை மட்டும். உமது பதிவேட்டில் அவளை எப்படிக் கண்டுபிடிப்பார்? அவள் உமது முகாமிலேயே இருப்பாள். ஆனால் இல்லை என்றுதான் பதில் போகும்."

கோபம். பொலிஸ்காரனுக்கு எங்கள் குடும்பம் என்றால் என்ன தெரியும். உடனே பதில் எழுதினேன், ஒரு சொல்லும் அகராதி பார்க்காமல்:

"ஐயா, எந்த உறவினருக்குத் தன் வீட்டுப் பெண்ணின் கணவன் பெயர் தெரியாது? தெரிந்தும் கொடுக்காதவர் எவராவது இருந்தால், அது என் முறையின் குற்றம் அல்ல. அந்த மனிதரின் குற்றம்."

அனுப்பினேன்.

அனுப்பின பிறகு, எழுத்துப் பிழை இருக்குமோ என்று வாசித்தேன்.

நாலு தரம் வாசித்தேன்.

பிழை ஒன்றும் இல்லை.

பின்னேரம் சிறைக் காவலாளிப் பெண் கீழே எழுதியிருந்தாள்: நல்லாச் சொன்னீர்கள் ஐயா.

மே 15, வெள்ளி

ரயில்பாதை ஓரமாக நடை. தொழிற்சாலை வரை போய்த் திரும்பினேன். இப்போது அங்கே தளபாடக் களஞ்சியம். திரும்பவும் போனேன்.

யோசித்தவை:

அங்கே, முகாம்களில், குடும்ப அட்டைதான் கொடுக்கிறார்கள். செல்வராசா சொன்னான், அவன் பெரியம்மாவின் மகளை அவள் புருசனின் பெயரில்தான் கண்டெடுத்தானாம். போன வெள்ளிக்கிழமை இதே மேசையில் இருந்து பணிஸ் தின்றபடி சொன்னது. நான் கேட்டேன். காதில் விழுந்தது. உள்ளே விடவில்லை.

அந்தக் கட்டத்தில் போட்ட கோட்டை நினைக்கிறேன். அடிமட்டக் கோல் வைத்து நேராகப் போட்டது. வடிவாக இருக்கவேண்டும் என்று.

என்னை ஒரு பெயருக்காகப் பிடித்தார்கள் என்று இருபத்தைந்து வருடம் மனுப் போட்டவன். யார் யாருக்கு எல்லாம். பதில் வராத கடிதங்களின் பிரதி இரண்டு பெட்டி. இப்போது நான் ஒரு பெயரைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இல்லை. கதை அப்படி அல்ல. அவள் என்னைக் கேட்காமல் கட்டினாள். நாலு பேருக்கு முன்னால் எனக்குத் தலைகுனிவு. நான் சொல்லி வைத்த பிள்ளையின் முகத்தில் எப்படி முழித்தேன் என்று எவராவது கேட்டதுண்டா.

(அந்தப் பிள்ளை அடுத்த வருடமே வேறு இடத்தில் கட்டி, மூன்று பிள்ளை. சுகமாக இருக்கிறார். எங்கே கண்டாலும் புவனத்தைச் சுகம் கேட்பார்.)

சாப்பாட்டை மூடி வைத்தேன். ப. எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள்.

மே 16, சனி

ப. கோப்பன்ஹேகனுக்குப் போனாள், ஊர்வலம். விடிய நாலு மணிக்கு பஸ். கோயில் மண்டபத்தடியில் ஏற்றிவிட்டு வந்தேன். என்னை ஏறச் சொன்னார்கள். ஒப்படை இருக்கிறது என்றேன். உள்ளே யாரோ: "அவர் சோதினைக்குப் போறார், எங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிற பொலிசுக்குப் பாடம் எடுக்க." சிரிப்பு. கதவு மூடியது.

வீட்டில் தனி. இரண்டு பக்கம் எழுதி இரண்டையும் அழித்தேன். அலுமாரியில் ப.வின் பழைய அல்பம். தேடி எடுக்கவில்லை, துவாய் எடுக்கப் போனபோது இருந்தது. புவனத்தின் கலியாணப் படம் அதில் இருப்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்றும் தெரியும். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் புரட்டியே பழக்கம்.

இன்று பார்த்தேன். மெலிந்த ஆள். மூக்குக் கண்ணாடி. வேட்டி பெரிதாகக் கட்டியிருக்கிறார். பயந்த முகம். இந்த முகத்தோடா இத்தனை காலம் சண்டை பிடித்தேன்.

இரவு ப. குரல் அடைத்து வந்தாள். உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

மே 18, திங்கள்

காலை 5.40. அனுப்பிவிட்டேன். இருபது நிமிடம் மிச்சம்.

அட்டை விதியை மாற்றினேன். இப்போது: "அட்டை குடும்பத்துக்கு. ஆனால் வயதுவந்த ஒவ்வொரு பெண்ணும் தன் பெயரிலும், தகப்பன் பெயரோடும், கணவன் பெயரோடும் தனித்தனியாகப் பதியப்படவேண்டும். தேடுகிறவர் எந்தப் பெயரைத் தருவார், எதை மறைப்பார் என்று அதிகாரிக்குத் தெரியாது. மனிதரின் வன்மத்துக்கும் பதிவேடு இடம் விடவேண்டும்."

கடைசி வரியை வெட்ட நினைத்தேன். விட்டுவிட்டேன். வாத்தியார் சொன்னது சரி என்று எங்கும் எழுதவில்லை. திருத்தினேன், அவ்வளவுதான்.

மு.ப. 9. ரெலிபோன். செல்வராசா.

மு.ப. 9.20. ரெலிபோன். சுதா. அழுகிறாள். தமிழில் அழுகிறாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் கொழும்பில் வெடி கொளுத்துகிறார்கள், பாற்சோறு கொடுக்கிறார்கள். டெனிஸ் செய்தியில் ஒரு நிமிடம், பிறகு காலநிலை. நாளை வெயிலாம்.

ப. அடுப்படியில் நிலத்தில் இருக்கிறாள். நான் கதிரையில். அரிசி களைந்தபடி கிடக்கிறது.

எனக்குக் காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை. நாலு அறையும் நடந்தேன். வீட்டுக்குள் ஒரு படிவப் பிரதி இருக்கிறது, அது எந்த மேசை லாச்சியில் என்று என் காலுக்குத் தெரிகிறது, அங்கேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

மே 19, செவ்வாய்

சொன்னபடி வெயில்.

காலை ரயிலில் ஹேர்னிங், தேடும் நிறுவனத்தின் ஒஃபிஸ். படிவப் பிரதி சட்டைப்பையில். ப.விடம் கண் டாக்டரிடம் போகிறேன் என்றேன்.

ஒஃபிசில் வயதான டெனிஸ்கார அம்மா, சம்பளமில்லாத வேலை. படிவத்தை மேசையில் விரித்தாள். கோட்டில் விரலை வைத்தாள். திருமணமாகவில்லையா என்று கேட்டாள். பிள்ளைகள் இரண்டு என்று எழுதியிருக்கிறதே.

ஆகியது என்றேன்.

பெயர்?

வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவளுக்கு நான் மறந்துவிட்டேன் என்ற எண்ணம். பொறுமையாகத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். என் வயதுக்காரருக்கு இப்படி வரும், அவசரமில்லை என்றாள்.

மறக்கவில்லை என்றேன். மறந்திருந்தால் சுகம்.

கனகலிங்கம். எழுத்து எழுத்தாகச் சொன்னேன், டெனிஸ் எழுத்தில். அவருடைய தகப்பன் பெயரும் சொன்னேன். சின்னத்தம்பி. அதுவும் தெரிந்துதான் இருந்தது. அவள் கோட்டுக்கு மேலேயே எழுதினாள், கட்டத்தில் வேறு இடம் இல்லாததால்.

உங்களுக்கு அவர் என்ன உறவு என்று கேட்டாள். தங்கையின் கணவன் என்றேன். அதற்குத்தானே டெனிசில் ஒரு சொல் இருக்கிறது என்று சிரித்தபடி சொல்லித் தந்தாள். அதைச் சொன்னேன். டெனிசில் சொல்லக் கூடியதாக இருந்தது. தமிழில் மச்சான் என்று சொல்ல இன்னும் நாள் வேண்டும்.

திரும்பும்போது ரயிலில் எதிரே ஒரு பெண் வாழைப்பழம் தின்றாள். இக்காஸ்டைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்த ஸ்ரேசனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

மே 21, வியாழன்

திரும்பவும் விடுமுறை. இயேசு மேலே போன நாளாம். செல்வராசா வரவில்லை, சபை.

ப.விடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், கோடு போட்டதிலிருந்து ஹேர்னிங் வரை.

கத்தியை வைத்தாள். "ஒன்பது கிழமை. ஒன்பது வெள்ளி விரதம் பிடிச்சனான். நீங்கள் ஒரு கோட்டைப் போட்டிட்டு, எனக்குப் பக்கத்தில இருந்து சாப்பிட்டிருக்கிறியள்."

ஓம் என்றேன்.

"அந்தாளின்ர பேரைச் சொன்னால் உங்கட பல்லுக் கொட்டுமோ?"

கொட்டவில்லை என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. அவளும் சிரிக்கவில்லை. வெங்காயத்தை எடுத்துத் திரும்ப உரிக்கத் தொடங்கினாள். உரித்து முடித்ததையே உரித்தாள்.

மே 30, சனி

ஒன்பது நாளாக ப. பேச்சில்லை. சாப்பாடு வரும், தேத்தண்ணி வரும், சொல் வராது. நான் இருபத்திரண்டு வருடம் செய்ததை அவள் எனக்குச் செய்கிறாள். ஒன்பது நாளிலேயே இப்படி இருக்கிறது.

ஒப்படை முடிவு: ஏ. வாத்தியார் எழுதியது: "மனிதரின் வன்மம் பற்றிய வரி எந்தப் பாடநூலிலும் இல்லை. எங்கே எடுத்தீர்?" மூலத்தைக் குறிப்பிடவில்லை என்று ஒரு புள்ளி குறைத்திருக்கிறார்.

ஒருவருக்கும் சொல்லவில்லை.

தபால்காரர் பதினொன்றேகாலுக்கு வருவார். பத்தரைக்கே வாசலில் நிற்கிறேன். இன்று விளம்பரத் தாள் மட்டும். அதையும் இரண்டு பக்கமும் வாசித்தேன்.

ஜூன் 4, வியாழன்

பதில். ஒரு பக்கம்.

கனகலிங்கம் சின்னத்தம்பி என்ற பெயரில் குடும்ப அட்டை ஒன்று பதிவில் உண்டு. வவுனியா, முகாம். அட்டையில் நால்வர். மனைவியின் பெயர் பொருந்துகிறது. அட்டை பதியப்பட்ட திகதி: ஏப்ரல் கடைசி.

ஏப்ரல் கடைசி. கடிதம் பொருத்தம் இல்லை என்று வந்தபோது அவள் அங்கே இருந்திருக்கிறாள். செல்வராசா கேட்டபோது இருந்திருக்கிறாள். நான் அட்டை விதியை எழுதிப் பெருமைப்பட்ட அன்று, அதே மாதிரி ஒரு அட்டைக்குள் இருந்திருக்கிறாள்.

ப.வுக்கு வாசித்துக் காட்டினேன். டெனிசிலிருந்து தமிழுக்கு, சொல் சொல்லாக. நால்வர் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "நாலுபேரும் இருக்கினமோ?"

பதிவில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

பதினாலு நாளுக்குப் பிறகு அவள் கதைத்த முதல் கதை.

ஜூன் 9, செவ்வாய்

மேகம். மழை இல்லை. கத்தரிக்கோல் காணவில்லை, பிறகு கண்டேன்.

பகல் பன்னிரண்டரை. ரெலிபோன். நீளமான நம்பர். ப. கோயிலுக்குப் போயிருந்தாள். நான்தான் எடுக்கவேண்டி வந்தது.

முதலில் ஒரு கன்னியாஸ்திரி. முகாமுக்குள் போய்வருகிறவவாம், ஐந்து நிமிடம்தான் தரலாம் என்றா. பிறகு சரசரப்பு. பிறகு:

"அண்ணி?"

நான் என்றேன்.

வைத்துவிடுவாளோ என்று பயந்தேன். அவளும் நான் வைத்துவிடுவேன் என்று பயந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடத்தில் எவ்வளவு போனதோ.

பிள்ளைகள் சுகம் என்றாள். மூத்தவளுக்குக் காலில் காயம், ஆறுகிறது. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. தான் சுகம். பட்டியல் வாசிப்பதுபோல வாசித்தாள். நாலாவது ஆளைச் சொல்லவில்லை. நான் கேட்டேன். அவர் எங்கே என்று கேட்டேன்.

சித்திரையில், வருசம் பிறந்து நாலாம் நாள். தண்ணீர் எடுக்கப் பங்கர்க் குழிக்கு வெளியே போனவர். ஷெல் பட்டுக் கிட்டத்தான் விழுந்தார். அங்கேயே வைத்து மூடிவிட்டு வந்தார்களாம்.

நான் ஹேர்னிங்கில் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் இல்லை. நான் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டபோது இருந்திருக்கிறார்.

அட்டையில் நாலுபேர் என்று இருக்கிறதே என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"பதியேக்க அவரில்லை எண்டு சொன்னனான். அப்ப உன்ர பேரில எழுதுறம் எண்டினம். நான் விடேல்லை. அவற்ர பேரிலதான் எழுதோணும், அவரையும் சேர்த்து எழுதோணும் எண்டு நிண்டன். ஆரும் எங்களைத் தேடினால் அவற்ர பேரைச் சொல்லித்தானே அண்ணை தேடுவினம்."

எங்கள் அப்பாவின் பிடிவாதம். இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. அவள் அதை எதற்குப் பாவித்தாள், நான் எதற்குப் பாவித்தேன்.

கன்னியாஸ்திரி பக்கத்தில் ஏதோ சொல்வது கேட்டது. நேரம்.

"நீங்கள் எந்தப் பேரில தேடினனீங்கள், அண்ணை?"

கோட்டைச் சொல்லவில்லை. ஒருநாள் சொல்வேன். அதற்கு அவள் என்னை என்ன செய்தாலும் தகும்.

"கனகலிங்கம்," என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு:

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."